இருளில் நிற்கும் மலைகள் – 9: ‘ஆர்’ என்று அடித்தால்...

நல்ல நிலையில் இருக்கும் விமானமும் மலையில் மோதும் என்று போன வாரம் முடித்திருந்தேன். இந்த வாரம், தரை நெருங்கினால் விமானிகளை எச்சரிக்கும் அபாயக்குரல் கருவியின் கதை சொல்வதாக ஏற்பாடு. அதற்குள் கொலம்பிய விசாரணை அறிக்கையில் ஒற்றை எழுத்து ஒன்று பிடித்து உட்கார வைத்துவிட்டது.

1995 டிசம்பர் 20. மயாமியிலிருந்து காலி நகருக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, போயிங் 757. இரண்டு மணி நேரத் தாமதம். உள்ளே 163 பேர். பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புகிறவர்கள். வடக்கிலிருந்து தெற்காக நீளும் பள்ளத்தாக்கு, இருபுறமும் ஆண்டிஸ் மலை. காலியில் ரேடார் இல்லை. 1992-இல் கெரில்லாக்கள் வெடிவைத்துத் தகர்த்திருந்தார்கள்.

சுற்றிப்போய்த் தெற்கிலிருந்து இறங்குவதுதான் திட்டம். வடக்கிலிருந்து நேராகவே 19-ஆம் ஓடுபாதையில் இறங்க முடியுமா என்று கட்டுப்பாட்டு அறை கேட்டது. தாமதத்தில் வந்தவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. சரி என்றார்கள். உயரத்தைச் சட்டென்று குறைக்க, இறக்கை மேலுள்ள வேகத்தடைப் பலகைகளை நிமிர்த்தினார்கள்.

இனிதான் அந்த எழுத்து. காலிக்கு வடக்கே ரோசோ என்றொரு ரேடியோ வழிகாட்டி நிலையம். காகித வரைபடத்தில் அதன் அடையாளம் ‘ஆர்’. கணினியிலும் ‘ஆர்’ என்றே அடித்தார்கள். பொகோட்டா பக்கம் ரோமியோ என்று இன்னொரு நிலையம். அதற்கும் ‘ஆர்’தான், அலைவரிசையும் அதேதான்! ஒரே நாட்டில் இரண்டு ‘ஆர்’ இருந்தால் குழப்பம் வருமே என்று, கணினித் தரவு தயாரித்தவர்கள் அந்த எழுத்தைப் பெரிய ஊரான பொகோட்டாவுக்கே கொடுத்துவிட்டார்கள். ரோசோ வேண்டுமென்றால் முழுப் பெயரையும் அடிக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து அடித்தவருக்கு அது எப்படித் தெரியும்? குழப்பம் வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு இது!

கணினி சொன்ன சொல் தட்டவில்லை. இருட்டில் இடப்புறம் திரும்பி, 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த ரோமியோவை நோக்கிக் கிழக்கே கிளம்பியது. விமானிகள் உடனே கவனிக்கவில்லை. கவனித்து வலப்புறம் திருப்பியபோது, பள்ளத்தாக்குக்கும் அவர்களுக்கும் நடுவே மலை. அப்போதும் விமானம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அபாயக்குரல் ஒலித்ததும் முழு விசையில் மேலே இழுத்தார்கள். நிமிர்ந்து நின்ற பலகைகளை மடக்க இருவருக்கும் தோன்றவில்லை. குரல் எழுந்து சுமார் 12 விநாடியில், இரவு 9.41-க்கு, பூகா ஊருக்கு அருகே மோதியது. 159 பேர் இறந்தார்கள். பிழைத்தது நான்கு பேர். சரக்கறையில் ஒரு நாயும்.

2000-இல் மயாமியில் ஜூரி பழியைப் பங்கு பிரித்தது: விமான நிறுவனத்துக்கு 75 சதவீதம், வரைபடமும் தரவும் கொடுத்த ஜெப்சனுக்கு 17, கணினி செய்த ஹனிவெல்லுக்கு 8. ஆக, ‘ஆர்’ என்ற எழுத்துக்கு 25 சதவீதம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

சரி, எச்சரிக்கை ஏன் இன்னும் முன்னதாக வரவில்லை? பழைய கருவி நேர் கீழே மட்டும் பார்க்கும். எதிரே நிற்கும் மலை அதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் உலகத்து மலைகளின் உயரமெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்க வேண்டும். அந்த விவரங்களில் பெரும்பகுதியைச் சோவியத் ராணுவம் வரைந்து வைத்திருந்தது. டான் பேட்மன் என்ற பொறியாளர் அதை விலைக்கு வாங்கிய கதை அடுத்த வாரம். ஆசிரியர் இடம் கொடுத்தால், இரண்டு வாரம்.