புல்லுக்கும் சேமிப்பு உண்டு



பென்னாகரம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உள்கடன் கணக்கு முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார்: "ஏங்க மேடம், எங்க கொல்லைக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் ஒரே மழைதான். அங்க கொழுக்கட்டைப் புல்லு முழங்கால் உசரம் நிக்குது. எங்களுக்கு வெறும் கல்லும் மண்ணும்தான். தீவனம் வாங்கியே பால் காசு போயிடுது. கடன் தவணை எங்கிருந்து கட்டுறது? மண்ணுல ஏதாவது கோளாறா?"

கூட்டம் முடிந்து இரண்டு கொல்லையையும் போய்ப் பார்த்தோம். மண் ஒன்றுதான். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்குத் துளிர் வந்த எட்டாம் நாளே இந்த அக்கா ஆட்டை விட்டுவிடுவார். பக்கத்துக் கொல்லைக்காரர் புல் வளரும்வரை பொறுத்திருப்பார். அந்தப் பொறுமை ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது? இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

இலைதான் அடுப்பு

எரு போட்டால் அதுதான் புல்லுக்குச் சாப்பாடு என்று நினைக்கிறோம். எரு நம் சாப்பாட்டில் உப்பு மாதிரி. அது வேண்டும், ஆனால் உப்பை மட்டும் தின்று வாழ முடியுமா? புல் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறது. வேர் தண்ணீர் கொண்டுவருகிறது. காற்றிலிருந்து கரியமில வாயு வருகிறது. தீ, சூரிய வெளிச்சம். அடுப்பு, பச்சை இலை. இவை சேர்ந்தால் சர்க்கரை உண்டாகும். இதைத்தான் நம் பிள்ளைகள் பள்ளியில் ஒளிச்சேர்க்கை என்று படிக்கிறார்கள். புல்லின் இலை, தண்டு, வேர், விதை எல்லாம் அந்தச் சர்க்கரையிலிருந்து வளர்ந்ததுதான்.

கரியமில வாயு உள்ளே வர இலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கின்றன. துளை திறந்தால் வாயு உள்ளே வரும். அதே வழியாக ஈரம் வெளியே போகும். நம்மைப் போன்ற வறட்சிப் பகுதியில் இதுதான் சிக்கல்.

கொழுக்கட்டைப் புல்லுக்கு இதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. வாசலில் ஆள் நிறுத்தி, வரும் வாயுவைப் பிடித்து உள் அறைக்கு அனுப்புவதுபோல அதன் இலை அமைந்திருக்கிறது. அதனால் துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும். நம் கேழ்வரகு, சாமை, சோளம், கரும்பு எல்லாம் இந்த வகைதான். நெல்லும் நிலக்கடலையும் அப்படி இல்லை. ஒரு கிலோ காய்ந்த தழை உண்டாக்க இந்த வகைப் பயிர்களுக்கு நெல் போன்ற பயிரில் ஏறக்குறைய பாதித் தண்ணீர் போதும். கேழ்வரகு ஏன் மானாவாரியில் தாங்குகிறது என்பதற்கும் இது ஒரு காரணம்.

சேமிப்பு எங்கே இருக்கிறது?

கேழ்வரகு ஒரு போகத்தோடு முடிந்துவிடும். கொழுக்கட்டைப் புல் பல வருஷம் நிற்கும். எப்படி? சமைத்த சர்க்கரை முழுவதையும் அது செலவழிப்பதில்லை. ஒரு பங்கை வேரிலும் மண்ணை ஒட்டிய தடித்த அடித்தண்டிலும் சேர்த்து வைக்கிறது. நம் குழுச் சேமிப்பு மாதிரிதான். கோடையில் இலை காய்ந்துவிடும். அடித்தண்டு உயிரோடு இருக்கும். முதல் மழைக்கு வரும் துளிர் அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் வருகிறது. நாலைந்து இலை நன்றாக விரிந்த பிறகுதான் புது வருமானம் வரத் தொடங்கும்.

துளிரிலேயே ஆடு கடித்துவிட்டால் என்ன ஆகும்? மறுபடியும் சேமிப்பில் கை வைத்துத் துளிர்க்கும். மறுபடியும் கடித்தால் மறுபடியும் எடுக்கும். போடுவதே இல்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் குழு நிற்கும்? வேர் சுருங்கிவிடும். ஆழத்து ஈரம் எட்டாது. அடுத்த கோடையில் புல் செத்துவிடும்.

அமெரிக்காவில் கிரைடர் என்பவர் 1955-ல் இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். புல்லில் பாதிக்கும் குறைவாக வெட்டினால் வேர் வளர்ச்சி நிற்கவில்லை. நூற்றுக்கு எண்பது பங்கு வெட்டியபோது பத்து நாளுக்கு மேல் வேர் வளரவே இல்லை. நமக்கு இருப்பதோ சில மாத மழைதான். அதில் பத்து நாள் என்பது பெரிய நஷ்டம்.

காங்கயத்துக் கொறங்காடு

அமெரிக்கா வரை போக வேண்டாம். காங்கயம் பகுதி நம் மாவட்டத்தைவிட மழை குறைந்தது. அங்கே கிளுவை வேலி கட்டி, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கொறங்காடு என்று பெயர். ஒரு பட்டியில் மேயும்போது இன்னொரு பட்டிக்கு ஓய்வு. பேர்பெற்ற காங்கயம் மாடுகள் அந்தப் புல்லில் வளர்ந்தவைதான்.

நாம் என்ன செய்யலாம்?

* முதல் மழைத் துளிரில் ஆடு மாடு விடாதீர்கள். புல் ஒரு சாணுக்கு மேல் வளரட்டும்.
* அறுக்கும்போது அரைச் சாண் கட்டை விட்டு அறுங்கள். மழைக்காலத்தில் அடுத்த அறுப்புக்கு 40 முதல் 45 நாள் இடைவெளி கொடுங்கள்.
* புதிதாக விதைப்பவர்கள் ஏக்கருக்கு 3 கிலோ விதை போடலாம். கோ 1 என்ற ரகம் இருக்கிறது. புது விதை சரியாக முளைக்காது; சில மாதம் வைத்திருந்த விதையாகக் கேட்டு வாங்குங்கள். முதல் அறுப்பு 70 முதல் 75 நாளில்.
* மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் போட்டால் தீவனத்தில் சத்து கூடும். விவரத்துக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

"நிலம் இருக்கிறவங்க பொறுத்துக்குவாங்க, புறம்போக்கை நம்பி ஆடு வெச்சிருக்கிற நாங்க எங்க போறது?" என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய இரண்டு ஆட்டைப் பட்டினி போட்டுப் புல்லை வளர்க்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் புறம்போக்கு முழுவதையும் மூட வேண்டாம். நாலாகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் ஓய்வு கொடுங்கள். அந்தப் பங்கில் புல் வளர்ந்ததும் முதல் அறுப்பு நிலமில்லாத உறுப்பினர்களுக்கு என்று வையுங்கள். ஊரில் எல்லோரிடமும் பேசி, பஞ்சாயத்திலும் சொல்லிவிட்டுச் செய்தால்தான் இது நிற்கும்.

நம்பிக்கை வரவில்லையா? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தினமும் மேய்ந்த இடத்தில் ஒரு தூரும் ஓய்வு கிடைத்த இடத்தில் ஒரு தூரும் வேரோடு தோண்டி எடுத்து வாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்துப் பேசிய பிறகு, எந்தப் பங்குக்கு எத்தனை நாள் ஓய்வு என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள்.