கொடுமுடியிலிருந்து கொழும்புக்கு

என் சொந்த ஊர் கோபிநத்தம். மைசூரில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி வீரப்பனைப் பற்றித்தான். போகட்டும். தமிழ் பேசும் எங்கள் ஊர் கர்நாடகத்துக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. 1956 நவம்பர் 1-ம் தேதி கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதுவரை எங்கள் பெரியவர்கள் கோயமுத்தூர் ஜில்லாக்காரர்கள். எங்கள் பக்கத்துக் காவிரி ஒகேனக்கல், மேட்டூர், பவானி, ஈரோடு தாண்டித் தொடும் கொடுமுடியும் அன்று அதே ஜில்லாதான். அங்கே 1908-ல் பிறந்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஆகவே அம்மாள் எங்கள் ஜில்லாக்காரர் என்று உரிமை கொண்டாடுவது என் வழக்கம்.

நம்மில் பலருக்கு அவரை 'அவ்வையார்' படத்தின் கிழவியாகத்தான் தெரியும். ஆனால் அவர் வளர்ந்தது நாடக மேடையில். வறுமையில் ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியை எஃப்.ஜி. நடேசய்யர் கேட்டு மேடைக்கு அழைத்து வந்தார் என்று சொல்வார்கள். அந்தச் சிறுமியை நாடகக் குழு இலங்கைக்கும் அழைத்துச் சென்றது.

அந்தப் பிரயாணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மதுரை, மானாமதுரை, இராமநாதபுரம் வழியாக மண்டபம். அங்கிருந்து 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தின் மேல், இரு பக்கமும் கடல் பார்த்தபடி தனுஷ்கோடி. ரயிலை விட்டு இறங்கி நீராவிக் கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார். மறுபடியும் ரயில், மதவாச்சி வழியாகக் கொழும்புக் கோட்டை வரை. 'போட் மெயில்' என்று நம் பாட்டன்மார் சொன்னது இதைத்தான். ஜரிகை உடுப்புப் பெட்டி, கால் ஹார்மோனியம், மிருதங்கம் எல்லாவற்றையும் ரயிலிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து ரயிலுக்கும் மாற்ற வேண்டும். உப்புக் காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து போகும். இன்று விமானத்தில் வரும் வித்வான்கள் பெட்டி தொலைந்தது என்று சங்கடப்படும்போது எனக்கு இந்தக் கப்பல்தான் ஞாபகம் வரும்.

போய்ச் சேர்ந்தால் ஓய்வா? விடிய விடிய நாடகம். மைக் கிடையாது. கடைசி வரிசைக்காரருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அந்தக் கடைசி வரிசையில் இருந்தவர்கள் யார்? துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் பிழைக்கப் போன நம் ஆட்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்குக் காத்திருந்து, இதே கடலைத் தாண்டியவர்கள். ஊரை விட்டு வந்தவன் காதுக்கு 'வள்ளி திருமணம்' என்னவாகக் கேட்டிருக்கும் என்று மைசூரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

1926-ல் அதே கொழும்பில்தான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை அம்மாள் சந்தித்தார். அவர் குரலுக்கு முன் நிற்க முடியுமா என்று சிலர் பயமுறுத்தியதாகக் கதை உண்டு. நின்றார். தமிழ் நாடக மேடை கண்ட மிகப் பெரிய பாட்டு ஜோடி, சென்னையிலோ மதுரையிலோ சேராமல், அக்கரையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த புலம்பெயர்ந்த தமிழர் முன்னால் சேர்ந்தது. தாய்நாட்டு விமரிசகர்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

1927-ல் திருமணம். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். வாழ்க்கை நேராக ஓடவில்லை. 1933 டிசம்பர் 2-ம் தேதி, 27 வயதில் அவர் போய்விட்டார். 25 வயது அம்மாள் வெள்ளைச் சேலை உடுத்தினார், கடைசி வரை மாற்றவில்லை. பிறகு 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்துக்காக ஒரு லட்ச ரூபாய் வாங்கி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தார். 1980-ல் காலமானார்.

அவர் போன பாதை அவருக்கு முன்பே போய்விட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் நிலையமும் தண்டவாளமும் கடலோடு போயின. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள்.

கொழும்பில் நாடகம் பார்த்த தாத்தா பாட்டி கதை உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்தால், நம் இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.