அம்மன் காசு

கீரனூரில் எம் பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியில் ஒரு செப்புக்காசு நெடுநாள் கிடந்தது. அது விரல் நகத்தளவினது, விளிம்பு ஒழுங்கற்றது. ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் அம்மன் உருவம். மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்னும் சொல். இதுவே புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு. இருபது காசு ஓரணா. 320 காசு ஒரு ரூபாய்.

அக்காலத்து அக்கசாலையில் யந்திரம் இல்லை. கீழச்சு ஒன்றை அசையாது நிறுத்தி, அதன்மேற் செப்புத் துண்டை வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பர். அடி சற்றே விலகினும் உருவம் ஒருபுறம் ஒதுங்கும். எழுத்துப் பாதி மறையும். ஆதலின் ஒரு காசு மற்றொன்றை முற்றும் ஒவ்வாது. 1889ஆம் ஆண்டு முதல் இக்காசு யந்திரத்தால் அச்சிடப்பட்டு ஒரே வடிவம் எய்திற்று.

தமிழ்நாட்டுக் காசில் தெலுங்கெழுத்து ஏன் என வியப்பார்க்கு ஸ்பெயின் தேசத்து வரலாறு விடையளிக்கும். அங்கே 12ஆம் நூற்றாண்டில் காஸ்டில் நாட்டை ஆண்ட எட்டாம் அல்போன்சோ, கிறிஸ்தவ அரசனாயிருந்தும், தன் பொற்காசில் கிறிஸ்து சமய வாசகத்தை அரபு எழுத்திலேயே பொறிப்பித்தான். வணிகர் கைக்கு அரபுக் காசே பழகியிருந்தமை அதற்குக் காரணம். எனவே, காசின் எழுத்து குடிகளின் தாய்மொழியை மட்டுமன்றி, அரண்மனை வழக்கையும் சந்தை வழக்கையும் காட்டுவதாகும்.

நாணயத்திலுள்ள சுரூபம் யாருடையது என நம் ஆண்டவர் வினவியதை யாவரும் அறிவோம். அன்று விடை இராயன் என்பது. அவ்விராயர் வழியினரின் பொற்காசுகள் 501, இதே சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்தன. அவற்றுள் மிகப்பலவற்றில் அரசர் முகம் உளியால் வெட்டப்பட்டிருந்தது. அம்மன் காசிலோ தொண்டைமான் தம் முகத்தைப் பொறித்திலர். தம் குலதெய்வமாகிய பிரகதாம்பாளையே பொறித்தனர். நவராத்திரியில் அரிசியுடன் இக்காசும் ஏழைகட்கு வழங்கப்பட்டது. சமயத்தால் வேறுபட்டோமாயினும், அதிகாரத்தின் முகம் அறத்தின் பின் ஒதுங்கி நின்ற அக்காட்சி நம் மதிப்பிற்குரியதே.

1948இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது; காசும் செலாவணி இழந்தது. இன்று பழஞ்செம்பென எடையிட்டு உருக்குவோர் கையில் அது அழிகின்றது. எம் பாட்டியாரின் காசும் உடைந்த குடமொன்றுடன் அவ்வழியே போயிற்று. அதன் மதிப்பை அந்நாளில் யாம் அறிந்திலேம். மாணவ நண்பர்காள், உங்கள் இல்லத்துப் பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். கிடைப்பதைத் தேய்த்து மெருகிடாது, கிடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள்.