உங்களுக்குத் தெரியுமா? ‘பாம்பே ட்ரீம்ஸ்’ மேடைக்குப் பின்னால்

லண்டனின் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் 18 ஆண்டுகள் ஓடிய ‘ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்’ 2002-இல் விடைபெற்றது. அதே ஆண்டு ஜூனில் அங்கே மேடையேறிய இசை நாடகம் ‘பாம்பே ட்ரீம்ஸ்’.

● இசை ஏ.ஆர்.ரஹ்மான். மேடை இசை நாடகத்துக்கு அவர் இசையமைத்தது அதுவே முதல்முறை. தயாரித்தவர் ஆண்ட்ரூ லாயிட் வெபர். தானே பெரிய இசையமைப்பாளராக இருந்தும், இதில் இசையை முழுக்க ரஹ்மானிடம் விட்டுவிட்டார். நாடகத்தின் மூல யோசனையில் இயக்குநர் சேகர் கபூருக்கும் பங்கு உண்டு.

● சினிமா நட்சத்திரமாகக் கனவு காணும் குடிசைப் பகுதி இளைஞனின் கதையை எழுதியவர் மீரா சியால். பாடல்கள் டான் பிளாக். ‘பார்ன் ஃப்ரீ’ படப் பாடலுக்காக ஆஸ்கர் வென்றவர். இயக்கம் ஸ்டீவன் பிம்லாட்.

● நடனம் அமைத்தவர்கள் இருவர்: மும்பையின் ஃபரா கான், லண்டனின் ஆண்டனி வான் லாஸ்ட். அரங்கமைப்பும் உடைகளும் மார்க் தாம்சன். மேடையிலேயே நீரூற்று பொங்க, நனைந்தபடி ஆடும் காட்சியும் உண்டு!

● எல்லாப் பாடல்களும் புதியவை அல்ல. ‘முதல்வன்’ படத்தின் ‘ஷக்கலக்க பேபி’யும் ‘தில் சே’யின் ‘சைய்ய சைய்ய’வும் புது வடிவில் இடம்பெற்றன.

● 2004-இல் நாடகம் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனபோது கதையைத் திருத்த தாமஸ் மீஹன் சேர்ந்தார். அங்கே நடன அமைப்புக்காக ஃபரா கானும் வான் லாஸ்ட்டும் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.