காதில் குரல் கேட்கிறது என்னும் பிள்ளையிடம் என்ன பேசுவது?

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வீடே அவனைச் சுற்றி நிற்கிறது. அதே பிள்ளை ஒருநாள், “மாடி வீட்டார் இரவெல்லாம் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்” என்று சொன்னால், அத்தா அதட்டுகிறார், உம்மா அழுகிறார், பெரியம்மா தண்ணீர் ஓதி வாங்கிவர ஆளனுப்புகிறார். அவன் சொன்னதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்வதில்லை. மனநலச் செவிலியரின் பணியோ அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது.

செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952இல் ஒரு நூலில் எடுத்துரைத்தார். ஊசியும் மாத்திரையும் வேண்டாமென்பதன்று. அவற்றைக் கொடுக்கும் கையை நோயாளி நம்ப வேண்டுமென்பது. மருத்துவமனையில் நோயாளி தங்குவது சில வாரங்களே. எஞ்சிய காலமெல்லாம் அவருக்குச் செவிலியர் வீட்டாரே என்பதால், இந்தக் கலையை நாமும் கற்றாக வேண்டும்.

மாடி வீட்டார் பேசுகிறார்கள் என்பவனிடம், “பைத்தியம் போலப் பேசாதே, அங்கே யாருமில்லை” என்று வாதிட்டுப் பயனில்லை. அந்தக் குரல் அவன் காதில் உண்மையாகவே கேட்கிறது; மறுக்க மறுக்க, நாமும் அவனுக்கு எதிரிகள் வரிசையில் சேர்ந்துவிடுவோம். “ஆமாம், எனக்கும் கேட்கிறது” என்று ஒத்துப் பாடுவதும் தவறு. பயிற்சி பெற்ற செவிலியர் இவ்விரண்டிற்கும் நடுவே செல்வார்: “எனக்கு அது கேட்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன். இரவெல்லாம் அப்படிக் கேட்டால் பயமாகத்தானே இருக்கும்?” இங்கே பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. அவனுடைய அச்சத்திற்கு ஒரு துணை கிடைத்துவிடுகிறது.

பேசும் முறையிலும் கவனம் தேவை. எதிரே நின்று வாசலை மறைக்காமல், சற்று விலகிப் பக்கத்தில் அமர்வது நல்லது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும் சிறுசிறு வாக்கியங்களாகப் பேச வேண்டும். பதில் வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டும்; அந்த மௌனத்தைத் தாங்குவது நம்மவர்க்குப் பெரும் சோதனைதான்! அவர் கண்முன்னே இருவர் குசுகுசுவென்று பேசுவது வேண்டவே வேண்டாம். மருந்தைத் தேநீரில் மறைத்துக் கொடுக்கும் வழக்கமும் வீடுகளில் உண்டு. அது என்றேனும் தெரியவந்தால், “உணவில் விஷம் வைக்கிறார்கள்” என்னும் அவருடைய சந்தேகத்திற்கு நாமே சாட்சி கொடுத்தவர்களாகிறோம். மருந்தை மறுப்பவரிடம் மறுப்பதன் காரணத்தைக் கேட்டு, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கமோ கைநடுக்கமோ காரணமாக இருந்தால் அளவை மாற்ற இயலும்.

மற்றொன்றை நாம் வாய்விட்டுக் கேட்க அஞ்சுகிறோம். மனச்சோர்வுற்றவர், “நான் இருந்து என்ன பயன்?” என்று சொல்லும்போது, “தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மாறாக, பாரம் இறங்கப் பலருக்கு வழி பிறக்கிறது. அந்நேரத்தில் அது ஹராம் என்று பயான் செய்வது அவருடைய வாயை அடைத்துவிடும். ஆம் என்றால் தனியே விடாமல், மருந்துகளையும் பூச்சிக்கொல்லியையும் எட்டாத இடத்தில் வைத்து, உடனே சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நம் குடும்பங்களில் பலர் மருத்துவமனைக்கு முன்பாகத் தர்காவையே நாடுகின்றனர். தாம்பரத்தார்க்கு வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்கா இருக்கிறது. துஆவை எவரும் தடுப்பதில்லை. ஆயின் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதையும் மறக்கலாகாது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் அமைத்த மருத்துவமனையில் மனநோயாளர்க்கும் இடமிருந்தது. மருந்தைக் கைவிட்டதன் விலையை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்டு 6 அன்று, அங்கிருந்த தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடித் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்திருக்கிறது. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில், முஜாவர்களே நோயாளிகளை மனநல மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு வெற்றி பெற்றது. ஏர்வாடியிலும் அது பின்னர் பின்பற்றப்பட்டது. கோவளத்திலேயே, 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு மனநலப் பணி செய்துவருகிறது.

1794இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரையே சென்னைவாசிகள் வசைச்சொல்லாக்கிவிட்டோம். “கீழ்ப்பாக்கத்திற்குத்தான் போகணும்” என்று சிரிக்கும் வீட்டில், உண்மையிலேயே போகவேண்டியவர் எப்படி வாய் திறப்பார்? தாம்பரம், பல்லாவரம் பகுதியினர்க்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

நோன்புக் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். லித்தியம் உட்கொள்வோர் பகலெல்லாம் நீர் அருந்தாதிருந்தால், அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகக்கூடும். வேறு மாத்திரைகள் பலவற்றை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றிக்கொள்ளலாம். அதையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை அளித்திருப்பதை அவரிடம் அன்போடு நினைவூட்டுங்கள். ஷஃபான் மாதத்திலேயே மருந்துச் சீட்டுடன் அவரையும் அழைத்துச் சென்று, அவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.