ஆறு நாள் ஆட்டம், ஏழாண்டுத் தவணை

நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வாழ்வில் வீட்டுக்கு அடுத்தபடியான பெருஞ்செலவு பெரும்பாலும் காராகத்தான் இருக்கும். வீடு கட்டுவதற்கு ஓராண்டு யோசிக்கும் நாம், காரை ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறோம். உலகக் கோப்பைக் காலத்திலும் ஓணம், தீபாவளி நாட்களிலும் தொலைக்காட்சியில் ஓவருக்கு ஓவர் வரும் கார் விளம்பரங்கள் அந்த அவசரத்தை மேலும் வளர்க்கின்றன.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் நான் பணியாற்றிய நாட்களில் இதனை அடிக்கடி கண்டிருக்கிறேன். அங்குள்ள மக்களுக்கு விளையாட்டின் மீது தனிப் பற்று உண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடலோர ஊரான பொழியூர், சந்தோஷ் டிராபி வீரர்களைத் தந்த ஊர். 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் நடந்த இறுதியாட்டத்தில், மேற்கு வங்கத்துக்கு எதிரான பெனால்டி முறையில் கேரளத்துக்கு வெற்றி தேடித் தந்த உதை, அவ்வூரைச் சேர்ந்த சீசனுடையது. வடக்கே காரியவட்டத்தில் பன்னாட்டுக் கிரிக்கெட் அரங்கும் இருக்கிறது.

2024-இன் தொடக்கத்தில் பாறசாலைக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கார்க் கடன் கேட்டு வந்தார். வீட்டில் நால்வர். பணியிடம் நெய்யாற்றின்கரையில். அவர் தேர்ந்தெடுத்திருந்ததோ ஏழுபேர் அமரும் பெரிய வண்டி.

“காரியவட்டத்தில் ஆட்டம் வந்தால் தம்பி குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டாமா சார்?” என்றார்.

அவருடைய ஆசையை நான் குறைகூறவில்லை. ஒரு தாளை எடுத்து இருவருமாகக் கணக்கிட்டோம். காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் அரங்கில் முதல் பன்னாட்டு ஆட்டம் 2017 நவம்பர் 7 அன்று நடந்தது. மழையால் அணிக்கு 8 ஓவராகச் சுருங்கிய ஆட்டம் அது. அதிலிருந்து 2023 நவம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டம் வரை, ஏறத்தாழ ஆறாண்டுகளில், இந்திய ஆடவர் அணி அங்கே ஆடிய பன்னாட்டு ஆட்டங்கள் மொத்தம் ஆறு. ஆறாண்டுக்கு ஆறு நாள்! பொழியூர்க் கடற்கரைப் பந்தாட்டத்துக்கோ அவர் எப்போதும் ஸ்கூட்டரில்தான் போய்வந்தார். மற்ற ஆட்டங்களைப் பார்க்க வீட்டுத் தொலைக்காட்சி போதும்.

அடுத்து, கடனைக் கணக்கிட்டோம். கையில் 2 இலட்சம் இருந்தது. பெரிய வண்டி சாலைக்கு வரும்போது 11 இலட்சம், சிறிய வண்டி 7 இலட்சம் எனக் கொள்வோம். பெரிய வண்டிக்கு 9 இலட்சம் கடன்; மாதத் தவணையைக் கட்டக்கூடிய அளவில் வைத்துக்கொள்ள ஏழாண்டு கேட்டிருந்தார். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில், குறையும் நிலுவை முறைப்படி, மாதத் தவணை சுமார் 14,480 ரூபாய்; வட்டி மட்டும் சுமார் 3,16,000 ரூபாய். சிறிய வண்டிக்கு 5 இலட்சத்தை ஐந்தாண்டில் அடைத்தால் தவணை சுமார் 10,380 ரூபாய். வட்டி சுமார் 1,23,000 ரூபாய். வட்டியில் மட்டும் 1,93,000 ரூபாய் வேறுபாடு. ஆறு நாட்களுக்கும் வாடகை வேன் அமர்த்தினாலும் அதன் செலவு இத்தொகைக்கு அருகில்கூட வராது.

தவணைக் காலத்தை நீட்டினால் மாதச் சுமை குறைவதுபோல் தோன்றும். மொத்தச் சுமை கூடும். அதே 5 இலட்சத்தை ஏழாண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை 8,045 ரூபாயாக இறங்கும். வட்டியோ சுமார் 1,76,000 ரூபாயாக ஏறிவிடும்.

மூன்றாவது, எரிபொருள். விளம்பரத்தில் காணும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் சீரான நிலையில் அளக்கப்பட்டது. பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டி அதனைத் தராது. ஆகவே, அதே வண்டியை அதே சாலையில் ஓட்டும் ஒருவரிடம் கேட்டறிவது நல்லது. மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் ஒருவருக்கு, லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் வண்டி 30 லிட்டரும், 15 தரும் வண்டி 40 லிட்டரும் குடிக்கும். லிட்டர் 105 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுக்கு 12,600 ரூபாய் வேறுபாடு.

ஆனால் மைலேஜ் ஒன்றையே பார்ப்பதும் தவறு. சி.என்.ஜி. வகைக்கு 90,000 ரூபாய் கூடுதல் விலை, கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 90,000 ரூபாயை மீட்க 45,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 600 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது ஆறேகால் ஆண்டு. நாள்தோறும் திருவனந்தபுரம் போய்வருபவருக்கு இரண்டரை ஆண்டுக்குள் அடங்கிவிடும். ஒரே வண்டி ஒருவருக்குச் சிக்கனம், மற்றவருக்கு வீண்செலவு.

எல்லைப்புறத்தாருக்கு மட்டுமே உரிய கணக்கு ஒன்றும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவு இருபுறமும் தொடர்கிறது. வரி மட்டும் களியக்காவிளையில் மாறுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் பெட்ரோல் விலை சற்றுக் குறைவு. 2023 ஏப்ரல் முதல் கேரளத்தில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்ந்தது. எல்லையருகே வசிப்பவருக்கு இது இலாபமே. ஆனால் இதற்கெனவே நெய்யாற்றின்கரையிலிருந்து போகவர இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், லிட்டருக்கு 4 ரூபாய் வீதம் 20 லிட்டரில் 80 ரூபாய் மிச்சம் பிடித்து, 100 ரூபாய்க்கு மேற்பட்ட பெட்ரோலை எரித்துவிட்டு வருகிறார்!

வண்டியையே அக்கரையில் வாங்கினால் மலிவு என்பதும் பலருடைய எண்ணம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 40-இன்படி, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குரிய மாநிலத்தில்தான் வண்டியைப் பதிவு செய்ய வேண்டும். பிற மாநிலப் பதிவு கொண்ட வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது பிரிவு 47. எனவே தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பழைய கார் மலிவாகக் கிடைத்தால், கேரளத்தில் செலுத்த வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அத்துடன் ஆட்சேபமின்மைச் சான்றும், முந்தைய கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-உம் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.

சிக்கனம் பாதுகாப்பைக் குறைப்பதாக இருத்தல் கூடாது. 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனையில் அந்த வண்டி பெற்ற நட்சத்திரங்களைக் கேட்டறியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாமலும், பெட்ரோல் எனில் 1,200 சி.சி., டீசல் எனில் 1,500 சி.சி. திறனுக்கு மிகாமலும் உள்ள வண்டிகள் இதில் அடங்கும். வரியில் மிஞ்சும் தொகையை மேலும் பெரிய வண்டிக்குச் செலவிடாமல், கடனைக் குறைக்கப் பயன்படுத்துவதே நலம்.

கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் கிளையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வட்டி நிலையானதா, மாறக்கூடியதா? முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா? முழுக் காலத்துக்கும் நான் செலுத்தப்போகும் மொத்தத் தொகை எவ்வளவு? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே. அதற்கான விடையை எழுத்தில் பெறுவது தங்கள் உரிமை.

அந்த வாடிக்கையாளர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து மனைவியையும் அழைத்து வந்து, சிறிய வண்டிக்கே விண்ணப்பித்தார். மிஞ்சிய தவணைத் தொகையில் ஒரு பகுதியை மகளின் பெயரில் தொடர் வைப்பாகப் போட்டு வருகிறார். காரியவட்டத்துக்கு ஆட்டம் வரும்போது தம்பி குடும்பத்தோடு வேனில் போவதாகத் திட்டம். ஓட்டுநர் வேறொருவர் என்பதால், வழியெல்லாம் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போகலாம் அல்லவா!