புல்லும் வெட்டும்... சைக்கிளும் ஓட்டும்!

உத்திரமேரூர் பக்கம் உங்க பம்ப்செட் கொட்டகையில பிளேடு உடைஞ்ச பிரஷ் கட்டர் சும்மா கிடக்கா பாஸ்? 'சைக்கிள்ல மாட்டினா என்ன?'னு தோணினா, நீங்க ஹோண்டா கட்சி! 1946-ல் ஜப்பானின் ஹமாமட்சுவில் சோய்சிரோ ஹோண்டா செய்ததும் இதைத்தான். ராணுவம் கழித்துப்போட்ட வயர்லெஸ் ஜெனரேட்டர் இன்ஜினை சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டேங்க்? வெந்நீர் ஒத்தடக் குடுவை! ஓட்டிப் பார்த்தது மனைவி சாச்சி.

சரி, மேட்டருக்கு வருவோம். பிரஷ் கட்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு சுமார் 7,000 சுற்று சுத்தும். 28 இன்ச் சக்கரத்துக்கு 230 சுற்று இருந்தாலே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வந்துடும். அதனால 30-ல ஒரு பங்கா குறைக்கணும். ஒரே செயின்ல முடியாது, ரெண்டு மூணு கட்டம் வேணும். (லேத் பட்டறை அண்ணனை இப்பவே ஃப்ரெண்ட் பிடிங்க!)

அதுக்கும் முன்னாடி இன்ஜின் எத்தனை சி.சி.னு பாருங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, நாலு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில 25 சி.சி. வரைக்கும் இருந்தா அது மோட்டார் வாகனமே இல்லை. ஆனா கடைகள்ல 43, 52 சி.சி. மிஷின்களும் நிறைய. அதை மாட்டி ரோட்டுக்கு வந்தா பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் கேட்பாங்க. இன்ஷூரன்ஸ் இல்லாம யாரையாவது இடிச்சா நஷ்டஈடு உங்க வீட்டுத் தலையில!

அப்புறம், மழையில ரப்பர் கட்டை பிரேக் சரியா பிடிக்காது. இன்ஜினுக்கு முன்னாடி பிரேக்கை மாத்துங்க.